சிஸ்டைன் சேப்பலைச் சோடா உப்பு போட்டுத் தேய்க்கவில்லை

"சிஸ்டைன் சேப்பலையே சோடா உப்பு போட்டுத்தானே சார் கழுவினாங்க?" சிஸ்டைன் சேப்பல் வாடிகனில் போப்பின் வழிபாட்டுக்கூடம்; அதன் விதானம் முழுக்க இத்தாலிய ஓவியர் மைக்கலாஞ்சலோ வரைந்தது. இந்த வருடம் இப்படிக் கேட்கும் மூன்றாவது ஆள் இவர். போனில் ஒரு படம் காட்டினார். அவர் பொறுப்பில் உள்ள பழைய கட்டடத்தின் சுவரோவியம். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்திருக்கிறார்கள். ஓவியத்திலிருந்த பெண்ணின் முகம் நாரோடு வந்துவிட்டது. சுவரோவியப் பாதுகாப்புதான் என் தொழில். அந்த முகத்துக்கு என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது.

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. வாடிகனில் 1980-ல் ஓவியச் சீரமைப்பாளர் கொலாலுச்சி தலைமையில் தொடங்கிய சீரமைப்பில் ஏபி 57 என்ற கலவையைப் பயன்படுத்தினார்கள். அதில் சோடியம் பைகார்பனேட் இருந்தது. கூடவே அம்மோனியம் பைகார்பனேட், ஒரு கிருமிநாசினி, எல்லாவற்றையும் வழியாமல் பிடித்து நிறுத்த செல்லுலோஸ் கூழ். சிறு பகுதியில் தடவி, சுமார் மூன்று நிமிடம் விட்டு, ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பார்கள். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்து முடித்த விதானத்தை, ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டமாக உள்ள லூனெட் வளைவுகளோடு சேர்த்துச் சுத்தம் செய்ய 1989 ஆகிவிட்டது. நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்கள்.

அங்கே அது பலித்ததற்குக் காரணம் அது ஃப்ரெஸ்கோ. ஈரச் சுண்ணாம்புக் காரையில் வண்ணம் இறங்கி, காரையோடு சேர்ந்து கல்லாக இறுகியது. உலர்ந்த சுவரில் பசை கலந்து வரைந்த ஓவியத்தில் அதே கலவையைத் தடவினால் அழுக்கோடு ஓவியமும் கரைந்து வரும். உங்கள் சுவர் எந்த வகை? தெரியாது, இல்லையா? அப்படியானால் கையை எடுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இன்னொன்றில். சுத்தம் செய்த விதானத்தில் வண்ணம் பளிச்சென்று தெரிந்தால் "புதுசா பெயின்ட் அடிச்சுட்டாங்க" என்பது. இல்லை ஐயா! அந்தப் பச்சையும் ஆரஞ்சும் மைக்கலாஞ்சலோ வைத்தவை. விதானத்தைக் கறுக்க வைத்ததில் மெழுகுவர்த்திப் புகைக்கு ஒரு பங்கு. இன்னொரு பெரிய பங்கு, அக்கறையோடு வந்தவர்களுக்கு. 1625-ல் ரொட்டியால் தேய்த்தார்கள். 1710-களில் கிரேக்க ஒயினில் ஸ்பாஞ்சை நனைத்துத் துடைத்தார்கள். கூரை ஒழுகி உப்புப் பூத்து வெளுத்த இடங்களில் வண்ணம் எடுப்பாகத் தெரிய விலங்குப் பசை பூசினார்கள். நம் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் மாதிரிதான். பூசிய அன்று மின்னும். அப்புறம் கறுக்கும், சுருங்கும், சுருங்கும்போது அடியில் உள்ள வண்ணத்தையும் செதில் செதிலாகப் பிய்த்து இழுக்கும்.

கறுப்பைப் பார்த்தே பழகிய கண்கள் அதையே மைக்கலாஞ்சலோவின் பாணி என்று நம்பிவிட்டன. இதையும் சொல்லிவிடுகிறேன்: காய்ந்த சுவரின் மேல் அவரே போட்ட நிழல்கள் சிலவும் போய்விட்டன என்று கலை வரலாற்று அறிஞர் ஜேம்ஸ் பெக் போன்றவர்கள் சண்டை போட்டார்கள். லூனெட்டுகளில் சில உருவங்களின் வெறுமையாகிப் போன கண்களைக் காட்டிக் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. கைதேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் செய்த வேலையிலேயே இவ்வளவு சந்தேகம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கூரை ஒழுகலை நிறுத்துங்கள். பாதிச் சிக்கல் மேலிருந்துதான் வருகிறது. 2014-ல் வாடிகன் புதிய காற்றுச் சீரமைப்பு அமைப்பைப் பொருத்தியது. பார்க்க வருகிறவர்களின் மூச்சும் வேர்வையும் தூசும் சுவரில் படியாமல் இருக்கத்தான். ஓவியத்தைத் தொடாமலே செய்த வேலை அது. நீங்களும் தொடாதீர்கள். ஈரத்துணிகூட வேண்டாம். திருவிழா வருகிறது, பளபளப்பு வேண்டும் என்று வார்னிஷ் அடிக்காதீர்கள். உரியும் இடத்தில் மரப்பசை வைத்து ஒட்டாதீர்கள், தயவுசெய்து. பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். உதிர்ந்த துண்டுகளைப் பெருக்கிக் கொட்டாமல் காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்த நாரையாவது கொடுங்கள், என்ன வண்ணம் என்று பார்க்கலாம் என்று கேட்டேன். நன்றாக அலசிக் காயப் போட்டுவிட்டார்களாம்.