நாம வேற கிரகத்து ஆளுங்களா? ரெண்டாவது குரோமோசோம் என்ன சொல்லுது

மனுஷன் இந்த பூமிக்காரனே இல்ல, எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு. அதுக்கு சொல்ற காரணமும் கேக்க நியாயமாத்தான் தெரியும்: கொஞ்ச நேரம் வெயில்ல நின்னா தோல் எரியுது, பாதி பேருக்கு முதுகுவலி, பிரசவம்னா உயிர் போய் உயிர் வருது, வேற எந்த மிருகத்துக்கும் இவ்ளோ பாடு இல்லையேன்னு. எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதுல ரெண்டு கேள்வி பின்னிக் கிடக்கு. மனுஷன் வெளியில இருந்து வந்தானாங்கிறது ஒண்ணு, உயிர் வெளியில இருந்து வந்துச்சாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு பதில் உறுதியா தெரியும். ரெண்டாவது இன்னும் முடிவாகல.

முதல்ல அந்த கடிகார விஷயத்தை சொல்லிடறேன். நம்ம உடம்போட உள்கடிகாரம் 25 மணி நேரம், செவ்வாயோட ஒரு நாள் 24 மணி 39 நிமிஷம், அதனால நாம செவ்வாய்க்காரங்கன்னு ஒரு வாதம் இருக்கு. அந்த 25 மணி நேரக் கணக்கு பழைய ஆய்வுகள்ல வந்தது, அதுல கலந்துக்கிட்டவங்க இஷ்டத்துக்கு லைட்டு போட்டுக்கலாம்னு விட்டிருந்தாங்க, அந்த வெளிச்சமே கடிகாரத்தை பின்னுக்குத் தள்ளிடுச்சு. 1999ல ஹார்வர்டுல வெளிச்சத்தை ரொம்ப மங்கலா கட்டுப்படுத்தி திரும்ப அளந்தப்போ சராசரியா 24 மணி 11 நிமிஷம்தான் வந்துச்சு. முதுகுவலியும் அப்படித்தான், கை காலை ஊனி மரம் ஏறின முன்னோர்களோட முதுகெலும்பை நிமிர்த்தி வச்சு ரெண்டு கால்ல நடக்கிறோம், எல்லா பாரமும் இடுப்புல வந்து இறங்குது. அது இந்த மண்ணுல நடந்த மாற்றத்தோட தழும்பு.

ஆனா உண்மையான சாட்சி செல்லுக்குள்ள இருக்கு. ஜீன்களைச் சுமக்கிற இழைகளான குரோமோசோம் நமக்கு 23 ஜோடி, சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூணுக்கும் 24 ஜோடி. முன்னோர் ஒண்ணுன்னா அந்த ஒரு ஜோடி எங்க போச்சு? முழுசா தொலைஞ்சிருந்தா உயிரே தங்கியிருக்காது, அதனால ரெண்டு எங்கயோ ஒட்டியிருக்கணும். ஒவ்வொரு குரோமோசோம் நுனியிலயும் டெலோமியர்னு ஒரு பகுதி இருக்கு, அதுல ஜீன்களை எழுதியிருக்கிற டிஎன்ஏ எழுத்துகள்ல டி டி ஏ ஜி ஜி ஜி-ன்னு ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வரும், வழக்கமா நுனியிலதான் அதுக்கு வேலை. நம்ம ரெண்டாவது குரோமோசோமை எழுத்து எழுத்தா படிச்சுட்டே போனா, நுனிக்கு சம்பந்தமே இல்லாத உள்பகுதியில திடீர்னு அந்த ஆறெழுத்து வரிசையா வருது, கொஞ்சம் தாண்டினதும் அதுவே எதிர்த்திசையில திரும்பி சி சி சி டி ஏ ஏ-ன்னு ஓடுது. ரெண்டு நுனி நேருக்கு நேரா முட்டி ஒட்டின இடம் அது, 1991ல கண்டுபிடிச்சாங்க. அதோட, செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடிச்சு இழுக்கிற இடம் சென்ட்ரோமியர், ஒரு குரோமோசோமுக்கு ஒண்ணுதான் இருக்கணும், ஆனா இதுல செயலிழந்துபோன இன்னொண்ணோட மிச்சமும் கிடக்கு. ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஜீன்கள் சிம்பன்சியோட ரெண்டு தனி குரோமோசோமோட ஒத்துப்போகுது.

வைட்டமின் சி-யும் இதையேதான் சொல்லுது. நிறைய மிருகங்க அதை உடம்புலயே தயாரிச்சுக்கும், நமக்கு முடியாது, அதுக்கான ஜீன் பழுதாகி கிடக்கு, சிம்பன்சிக்கும் அதே ஜீன் அதே மாதிரி பழுது. கினியா பன்றிக்கும் கெட்டுப்போயிருக்கு, ஆனா அது கெட்ட விதம் வேற. வேற கிரகத்துல இருந்து வந்த ஒருத்தருக்கு இங்க இருக்கிற குரங்கோட பழுது எப்படி வரும்? எத்தியோப்பியாவுல 1974ல கிடைச்ச, சுமார் 32 லட்சம் வருஷம் பழைய, ரெண்டு கால்ல நடந்த லூசிங்கிற முன்னினத்தோட எலும்புகள், மொராக்கோவுல ஜெபல் இர்ஹூட்ல கிடைச்ச, சுமார் 3 லட்சம் வருஷம் பழைய நம்ம இனத்தோட எலும்புகள்னு மண்ணுக்குள்ளயும் தடம் இருக்கு.

இப்போ ரெண்டாவது கேள்வி. பாக்டீரியால இருந்து மனுஷன் வரைக்கும் எல்லாரும் சொந்தம், சரி, அந்த முதல் உயிர் எங்க தொடங்குச்சு? செவ்வாய்ன்னு சொல்றதை என்னால ஒதுக்கவே முடியல. சுமார் 400 கோடி வருஷம் முன்னாடி அங்க தண்ணி ஓடியிருக்கு. பெரிய விண்கல் வந்து மோதும்போது மேல்பரப்புல இருக்கிற சில பாறைகள் பொடியாகாம அப்படியே எகிறும், செவ்வாயோட ஈர்ப்பை விட்டு வெளியேற வினாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் போதும், பூமிக்குன்னா 11.2 வேணும், அதனால அங்கிருந்து இங்க வர்றது எதிர்ப்பக்கம் போறதை விட சுலபம். இது வெறும் கணக்கு இல்ல, செவ்வாய்க் கற்கள் இருநூறுக்கு மேல நம்ம கையிலயே இருக்கு. அதுல ஒண்ணுக்குள்ள சிக்கியிருந்த காற்றை பிரிச்சுப் பார்த்தா, 1976ல நாசாவோட வைக்கிங் விண்கலம் அங்க போய் அளந்த காற்றோட ஒத்துப்போச்சு.

ஏஎல்எச் 84001னு ஒரு கல்லை 1984ல அண்டார்டிகா பனியில எடுத்தாங்க, ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, வயசு சுமார் 410 கோடி வருஷம். அதுல உயிரோட தடம் இருக்குன்னு 1996ல பெரிய அறிவிப்பு வந்துச்சு, ஆனா அதுல பார்த்ததெல்லாம் உயிர் இல்லாமலேயே உருவாகலாம்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டிடுச்சு. என்னை அசத்தினது 2000ல வந்த ஒரு காந்த ஆய்வு (கல்லு சூடானா அதுல பதிஞ்ச காந்தம் அழிஞ்சிடும், அதை வச்சு சூட்டைக் கணிக்கலாம்): செவ்வாய்ல இருந்து எகிறி, சுமார் ஒன்றரை கோடி வருஷம் வெளியில சுத்தி, நெருப்பா எரிஞ்சு இறங்கியும், அந்தக் கல்லோட உள்பகுதி 40 டிகிரி செல்சியஸை தாண்டவே இல்ல. வெளித்தோல் மட்டும் உருகியிருக்கு. உள்ள ஒரு பாக்டீரியா இருந்திருந்தா சூடு அதைக் கொன்னிருக்காது. கதிர்வீச்சு வேற பிரச்சனை, ஆனா ஜப்பான்காரங்க கதிர்வீச்சைத் தாங்குற டெய்னோகாக்கஸ்ங்கிற பாக்டீரியாவை விண்வெளி நிலையத்துக்கு வெளியில மூணு வருஷம் வச்சுப் பார்த்தாங்க, கொத்தா திரண்டு இருந்ததுல வெளி அடுக்கு செத்து, உள்ள இருந்தது பிழைச்சுக்கிச்சு.

இதெல்லாம் முடியும்னு காட்டுது, நடந்துச்சுன்னு காட்டல. அதுக்கு செவ்வாயோட பழைய உயிர் ஒண்ணு கிடைக்கணும். 2024ல நாசாவோட பெர்சிவரன்ஸ் ரோவர் செவ்வாயோட ஜெசெரோ பள்ளத்துல சிறுத்தைப் புள்ளி மாதிரி புள்ளி போட்ட ஒரு பாறையில துளை போட்டு சாம்பிள் எடுத்திருக்கு, நுண்ணுயிர் வேலையா இருக்கலாம்னு நினைக்க வைக்கிற கனிமங்கள் அதுல இருக்கு, உயிர் இல்லாமலும் அது வரலாம். அந்த மாதிரி ஒரு சாம்பிள்ல புரதத்தோட செங்கல்லான அமினோ அமிலம் அழியாம கிடைச்சா நான் முதல்ல கேக்கப்போறது அது இடதுகையா வலதுகையான்னுதான், அதாவது ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா இருக்கிற ரெண்டு வகையில எதுன்னு. இங்க புரதம் கட்டுற எல்லா உயிரும் இடதுகை வகையைத்தான் எடுத்துக்குது. அங்க உயிர் வலதுகையை எடுத்திருந்தா அது தனியா தொடங்கின உயிர். இடதுகையா இருந்து, ஜீன் எழுத்தும் நம்மளோடதாவே இருந்துட்டா, அது நம்ம சொந்தக்காரங்க, யார் யார் வீட்டுல இருந்து கிளம்பினாங்கன்னு தேட ஆரம்பிக்கணும்.