வீட்டிலேயே இருங்கள் என்றோம், கால் புண்ணோடும் இருந்துவிட்டார்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டராக இருக்கிறேன். எம்சிஓ, அதாவது கோவிட் காலத்தில் மலேசியாவில் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, சரியா தப்பா என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஒரு சாக்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

2020 மே மாதம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அங்கிள், எப்போதும் சிலிப்பரில் வருபவர், அன்றைக்கு ஷூவும் சாக்ஸும் போட்டு வந்திருந்தார். அவர் உட்காரும் முன்பே வாடை வந்துவிட்டது, என் முகக்கவசத்தையும் தாண்டி. சாக்ஸைக் கழற்றப் போனால் உள்ளங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, உப்புநீர் ஊற்றி ஊற்றி நனைத்து எடுக்கவே கால் மணி நேரம் ஆனது, உள்ளே மஞ்சள் அப்பியிருந்தார். எத்தனை நாளாக என்றேன். "அஞ்சு வாரம் இருக்கும் டாக்டர். வெளிய போகக் கூடாதுன்னாங்களே. ரோட்டுல போலீஸ் நிக்குது, ஆயிரம் வெள்ளி கம்பவுண்டு அபராதத்துக்கு நான் எங்க போவேன்?" இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்கிறார், தீர்ந்துவிட்டால் யார் வாங்கித் தருவது என்று பயந்து. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு விரல்கள் போயின.

இத்தனைக்கும் 2020 மார்ச் 18-ல் ஆணை தொடங்கிய முதல் நாளிலிருந்தே சிகிச்சைக்காக வெளியே போகத் தடை இல்லை. கிளினிக், மருந்துக் கடை எல்லாம் திறந்துதான் இருந்தன. அரசாங்க மருத்துவமனைகளில் மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதிகூட அதற்கு முன்பே உண்டு. ஆனால் கைப்பேசிக்கு வந்த ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் 'டுடோக் ரூமா' (வீட்டிலேயே இருங்கள்) என்று மலாயில் சொன்ன அளவுக்கு, 'மார்பு வலித்தால் வா, கால் புண்ணாகிவிட்டால் வா' என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நானும்தான். கிளினிக் வாசலில் 'காய்ச்சல் இருந்தால் உள்ளே வராதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டியது நான்தானே.

அதற்காக ஊரடங்கே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். தடுப்பூசி இல்லாத அந்த 2020-ல் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஜூலை தொடக்கத்தில் தினசரித் தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதையும் பார்த்தோம். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று பேராசிரியர்கள் கிரேட் பாரிங்டன் பிரகடனம் என்று ஒன்றை வெளியிட்டார்கள்: வயதானவர்களையும் நோயாளிகளையும் மட்டும் தனியே காப்பாற்றுவோம், மற்றவர்கள் வழக்கம்போல வாழட்டும் என்று. பல விஞ்ஞானிகள் சேர்ந்து ஜான் ஸ்நோ அறிக்கை என்று மறுப்பு எழுதினார்கள். காகிதத்தில் படிக்கும்போது முதலாவது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் என் நோயாளிகளின் பிபிஆர் வீடுகளை, அரசாங்கத்தின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளை, நினைத்துப் பார்த்தேன். எழுநூறு சதுர அடி, மூன்று அறை, பாட்டி, மகன், மருமகள், நான்கு பிள்ளைகள், ஒரே குளியலறை. மகன் தொழிற்சாலைக்குப் போய் வருகிறான். இதில் பாட்டியை எங்கே தனியாக வைப்பது, பால்கனியிலா?

மறுபக்கம், 2021 ஜூன் 1-ல் வந்த 'முழு' ஊரடங்கு. முடிதிருத்தும் கடையை மூடினார்கள், ஆனால் பல தொழிற்சாலைகள் குறைந்த ஆட்களோடு ஓட அனுமதி இருந்தது. வேகமாகப் பரவும் டெல்டா வகைக் கிருமி வேறு வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 26-ல் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. நிலைமையை மாற்றியதில் பெரிய பங்கு தடுப்பூசிக்குத்தான் என்பேன். அதற்குள் வீடுகளில் அரிசி தீர்ந்து, ஜூன் கடைசியிலிருந்து உதவி கேட்டு வெள்ளைக் கொடிகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. எங்கள் பக்கத்து அடுக்குமாடியில் ஓர் அம்மா தொங்கவிட்டது மகனின் பள்ளிச் சட்டை. "ஸ்கூல்தான் இல்லையே டாக்டர்" என்றார்.

மூடுவதா திறப்பதா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறோம். எதைத் திறந்து வைக்கிறோம், அதை யாருக்கு எந்த மொழியில் சொல்கிறோம், வேலை போனவன் வீட்டுக்கு எத்தனை நாளில் சாப்பாடு போகிறது, இதையெல்லாம் பேச ஆளில்லை. நம் ஆட்களுக்கு இது கூடுதலாகவே முக்கியம். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் 30 விழுக்காட்டுக்கும் மேல்.

அதனால் அடுத்த ஊரடங்கு எப்போது வந்தாலும், அல்லது வராவிட்டாலும் சரி, என்னிடம் வருகிறவர்களிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். மாத்திரை கடைசி அட்டைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். நீங்களாக அளவைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்துப்போன காலில் புண் வலிக்காது, ஆகவே வலிக்கவில்லையே என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. மார்பில் பாரம், கை கால் இழுப்பு, வாய் கோணல் என்றால் எந்த ஆணை இருந்தாலும் 999-க்கு அடியுங்கள். மற்றதற்கு எங்களுக்கு ஒரு போன் போதும்.

நம்பரை மாத்திரை டப்பா மூடியில் ஒட்டச் சொல்கிறேன். அங்கிளின் மனைவி நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாராம், ராகு காலத்துக்குப் பக்கத்தில்.