கண்நிறைவு: ‘திருப்தி வீடியோ’வுக்கு ஒரு சொல்

சவர்க்காரக் கட்டியின் மேற்பரப்பைக் கத்தியால் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கீறி, பிறகு ஒரே சீவலில் அத்தனையையும் உதிர்த்துவிடும் வீடியோ யாழ்ப்பாணத்துத் தொலைபேசிகளிலும் நாள்தோறும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு ‘ஒட்லி சாட்டிஸ்ஃபையிங்’, அதாவது ஏனென்று தெரியாமலே திருப்தி தருவது, என்று பெயர். தமிழில் பதிவிடுபவர்கள் ‘திருப்தி வீடியோ’ என்றும் ‘திருப்திகரமான காணொளி’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது பிழை. ‘திருப்திகரம்’ பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையிலும் நோயாளியின் உடல்நிலை பற்றிய அறிவித்தலிலும் வரும் சொல். குறை சொல்வதற்கில்லை என்ற அளவோடு அதன் பொருள் நின்றுவிடும். சவர்க்காரம் பொலபொலவென்று உதிரும்போது நெஞ்சுக்குள் இறங்குவது அதுவல்ல.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘சாத்திஸ்’ என்றால் போதுமான அளவு, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். தொடக்கத்தில் கடனைக் கட்டித் தீர்ப்பதற்கும் செய்த பிழைக்கு ஈடு கொடுப்பதற்கும் அது புழங்கியது. இனி மிச்சம் இல்லை என்பதே உள்ளே கிடக்கும் கருத்து. அதே வேரோடு உறவுடைய இன்னொரு ஆங்கிலச் சொல் ‘சாட்’. இன்று துயரத்தைக் குறிக்கும் அது, முன்பு உண்டு நிறைந்து அலுத்த நிலையைச் சொன்னது. நாங்கள் ‘தெவிட்டுது’ என்கிறோமே, அது. ஐம்பது வீடியோவை அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு இந்த உறவு உடனே விளங்கும்.

‘போதும்’ என்பதற்கு யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘காணும்’ என்கிறோம். “சோறு காணுமோ?” “காணும், காணும்.” காசு குறைந்தால் ‘காணாது’. கண்ணால் காண்பதற்கும் அளவு நிறைவதற்கும் ஒரே வினை. கண்ணாலேயே நிறைவடையும் இந்த அனுபவத்துக்குச் சொல் தேடுபவர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

‘திருப்தி’ வடமொழியின் ‘த்ருப்தி’. பசியும் தாகமும் தணிவது அதன் அடிப்படைப் பொருள். ‘திருப்தியாச் சாப்பிட்டன்’ என்பதில் அது சரியாகவே அமர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே முதலில் ஒரு தேவை இருந்தது. சவர்க்கார வீடியோவில் அப்படி ஒரு தேவை இல்லை, கட்டியும் உங்களுடையதல்ல. ‘ஒட்லி’ என்ற அடை ஒட்டிக்கொண்டது இதனால்தான். 2013 இல் ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தில் இந்தப் பெயரிலேயே ஒரு பகுதி தொடங்கியது. பெயர் அதன்பின் பரவிற்று. அந்த அடையை ‘விசித்திரமாக’ என்று பெயர்த்தால் பாரம் கூடிவிடும். ‘ஏனோ’ என்ற இரண்டெழுத்துச் சொல்லே காணும்: பார்க்க ஏனோ மனம் நிறையுது.

அந்த ‘ஏனோ’வுக்கு உளவியல் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. 1928 இல் பெர்லினில் உளவியலாளர் குர்ட் லெவினின் மாணவி மரியா ஒவ்சியாங்கினா, ஒரு சிறு வேலையை இடையில் நிறுத்திவிட்டால், கூலியோ கட்டாயமோ இல்லாதபோதும் பெரும்பாலோர் அதற்கே திரும்பிப்போய் முடிக்கப் பார்ப்பதைக் காட்டினார். இன்னொரு மாணவி ப்ளூமா சைகார்னிக், முடியாத வேலை நினைவில் கூடுதலாக நிற்கும் என்று 1927 இல் எழுதியதுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் பின்வந்த சோதனைகளில் அது ஒரே சீராக நிற்கவில்லை. இங்கே நமக்கு உதவுபவர் ஒவ்சியாங்கினாதான். கீறிய சவர்க்காரம் முடியாத வேலை. கண் அதை விட்டு நகர மறுக்கிறது.

அடுத்தது, இலகுவாக உள்வாங்கப்படுவது அழகாகத் தோன்றும் என்ற விளக்கம். ரோல்ஃப் ரேபர், நோர்பேர்ட் ஷ்வார்ஸ், பியோட்டர் விங்கில்மன் ஆகியோர் 2004 இல் இதை முன்வைத்தார்கள். ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே தாளம் என்று வரும்போது மூளைக்கு வேலை குறைகிறது. அந்த இலகு இன்பமாக உணரப்படுகிறது.

மூளையில் பரிசுணர்வோடு தொடர்புடைய இரசாயனமான டோபமினைச் சுட்டி ‘டோபமின் பொங்குகிறது’ என்று எழுதுவதில் கவனம் தேவை. நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் பிறரும் 1997 இல் எழுதியதன்படி, எதிர்பாராத பரிசுக்கே டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்கள் துடிக்கின்றன. முழுமையாக எதிர்பார்த்த பரிசு வந்தால் கூடுதல் துடிப்பு இல்லை. முடிவு முற்றாகத் தெரிந்த வீடியோவுக்கு அந்த வாக்கியம் அப்படியே பொருந்தாது. ஒழுங்காக உதிருமா, ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளுமா என்ற துளி ஐயம் இருக்கும்வரைதான் பார்வை நிற்கும்.

இவையெல்லாம் எங்கள் குசினியில் தெளிவாகத் தெரியும் இடம் இடியப்பம். வறுத்த அரிசி மாவில் உப்புப் போட்டு, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழைத்து, இடியப்ப உரலில் இட்டுத் தட்டில் சுற்றிச் சுற்றிப் பிழிகிறோம். இழை அறாமல் வட்டம் மூடும் அந்தக் கணத்தில் பார்ப்பவரின் மூச்சு இறங்கும். அறுந்தால் அதே அளவுக்கு உறுத்தும். அறுவதற்குக் காரணங்கள் சிலவே: தண்ணீர் கொதிக்காததால் மா ஒட்டுப்பிடிக்காமல் இருப்பது, மா இறுகிப்போனது, உரலுக்குள் காற்றுக்குமிழ் அகப்பட்டது. குமிழ் ‘டப்’ என்று வெடிக்கும் இடத்தில் இழை அறுந்து, வட்டத்தில் ஒரு பொத்தல் தெரியும். மாவை உரலின் வாய்க்கு ஏற்றபடி உருட்டி, இடைவெளி விடாமல் அமுக்கி நிரப்பினால் இது வராது.

இதையே படம் பிடிப்பவர்களுக்கும் சில சொல்லலாம். தொலைபேசியைத் தட்டுக்கு நேர் மேலே அசையாமல் பொருத்துங்கள். வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும். வெறுந்தட்டை முதல் ஒரு விநாடி காட்டுங்கள், எது நிரம்பப்போகிறது என்று கண் கணக்குப் போடட்டும். ஒரு தட்டு, ஒரு செயல், 20 முதல் 30 விநாடி. வேகத்தைக் கூட்டினால் தாளம் கெடும். பாட்டைப் போட்டால் மா இழியும் ஓசை போய்விடும். பெரும்பாலான வீடியோக்கள் கெடுவது கடைசியில்: வட்டம் மூடியவுடனேயே வெட்டிவிடுகிறார்கள். முடிந்ததைக் காண ஒன்றிரண்டு விநாடி விட வேண்டும். கடனைத் தீர்த்தவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது போன்றது அது.

விடியலில் ஈர்க்கு விளக்குமாறால் கூட்டிய மணல் முற்றம், ஒரே அகலத்தில் வார்ந்த பனையோலையால் இழைத்த பாய், சுண்டுப் பேணியால் கொத்தக் கொத்த ஒரே பருமனுக்கு வரும் பிட்டு மா, எல்லாம் இந்த வகைதான். முற்றத்தில் பதிந்த ஒற்றைக் கால்தடமும், பாயில் அரை விரற்கடை அகலம் கூடிய ஒற்றை ஓலையும் உடனே கண்ணில் படுவது, மற்றதெல்லாம் அவ்வளவு சீராக இருப்பதனால்.

இவற்றைப் பார்த்து இங்கே சொல்லும் சொல் ‘வடிவு’. வடிவு அழகு மட்டுமல்ல. ‘வடிவாய்க் கழுவு’ என்றால் மிச்சம் வைக்காமல் கழுவு. ‘வடிவாய்க் கேளுங்கோ’ என்றால் முழுதும் கவனமாகக் கேளுங்கோ. உருவம், அழகு, செவ்வையாக முடித்தல் மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. உளவியலார் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியதைப் பேச்சு ஏற்கெனவே சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கலைச்சொல்லாக இதைப் பரிந்துரைக்கத் தயக்கம் உண்டு. ‘வடிவான வீடியோ’ என்றால் அழகான வீடியோ என்றே முதலில் விளங்கும். தமிழ்நாட்டு வாசகருக்கு அதுவும் விளங்காமல் போகலாம்.

‘மனநிறைவு’ வாழ்க்கையைப் பற்றிய சொல். அரை நிமிட வீடியோவுக்குப் பெரிது. எனவே பரிந்துரை ‘கண்நிறைவு’. ‘கண் நிறையப் பார்த்தேன்’, ‘கண்ணுக்கு நிறைவாய் இருக்கு’ என்று எங்கும் பேசுகிறோம். நிறைதல் என்ற வினையில் முடிவு உண்டு, மிச்சமின்மை உண்டு. மண்டப வாசலில் வைக்கும் நிறைகுடத்தை நினைத்துக்கொள்ளலாம். கண் + நீர் ‘கண்ணீர்’ ஆவது போல இது ‘கண்ணிறைவு’ என்று புணரும். அப்படி எழுதினால் ‘கண்ணி’ என்று தொடங்கும் வேறு சொல்லாகப் படிக்க இடமுண்டு. ஆகவே பிரித்துக் ‘கண்நிறைவு’ என்றே எழுதுவது நல்லது.

இதோடு குழப்பக்கூடிய ஏ.எஸ்.எம்.ஆர் வேறு. 2010 இல் ஜெனிஃபர் அலன் வைத்த பெயர் அது. மெல்லிய பேச்சோ தட்டும் ஓசையோ கேட்டு உச்சந்தலையில் எழுந்து முதுகால் இறங்கும் சிலிர்ப்பைக் குறிக்கும். அது எல்லோருக்கும் வருவதில்லை. 2018 இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று, அது வருபவர்களின் இதயத்துடிப்பு அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 3.14 குறைந்ததாகக் கண்டது. அம்மா மடியில் கிடத்திப் பேன் பார்க்கும்போது வரும் உணர்வைச் சொன்னால் எவருக்கும் விளங்கும். ‘மெய்சிலிர்ப்பு’ பக்திக்கும் அச்சத்துக்கும் உரியது என்பதால் இதற்கு ‘உச்சிச் சிலிர்ப்பு’ என்று எழுதலாம். இடியப்பம் பிழியும் வீடியோவில் ஓசையை நிறுத்தியும் நிறைவு வருமானால் அது கண்நிறைவு. ஓசை போனதும் எல்லாம் போய்விட்டால் மற்றது.