பெருசா போட்டா தலைப்பு ஆயிடுமா?

மணலியில் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “பம்ப் பராமரிப்புக் கையேட்டை வேர்டுல அடிச்சு வச்சிருந்தேன். பாண்டாக் போட்டு வலைப்பக்கமா மாத்தினா, தலைப்பெல்லாம் சாதா பத்தியா நிக்குது. எச்சரிக்கைக்குப் போட்ட சிவப்பு கலரையும் காணோம். சாஃப்ட்வேர் கோளாறா சார்?”

கோளாறு அதில் இல்லை. பாண்டாக் என்பது ஒரு வடிவத்தில் இருக்கும் கோப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். பத்து வடிவங்களில் எதையும் எதற்கும் நேராக மாற்ற வேண்டுமென்றால் 90 நிரல்கள் எழுத வேண்டும். பாண்டாக் நடுவில் ஒரு கொத்தவால் சாவடி வைத்திருக்கிறது. எந்த ஊர்ச் சரக்கானாலும் முதலில் அங்கே இறங்கி, அங்கிருந்துதான் கடைக்குப் போகும். இறக்க 10, ஏற்ற 10, ஆக 20 நிரல்களில் வேலை முடிந்தது.

அந்தச் சாவடியில் இருப்பது ஒரு மரம். எனக்குப் பிடித்த இடமே இதுதான். நட்சத்திரம் மாதிரி சின்னக் குறிகளை வைத்தே எழுத்துக்கு அலங்காரம் சொல்லும் மார்க்டவுன் வடிவத்தில் இப்படி ஒரு வரி:

**கவனம்:** மோட்டாரை நிறுத்தவும்.

இதைப் படித்ததும் பாண்டாக் நட்சத்திரக் குறிகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மிஞ்சுவது ஒரு பத்தி, அதற்கு ஐந்து பிள்ளைகள். மூத்தது ‘அழுத்தம்’ என்கிற கிளை, ‘கவனம்:’ அதன் மடியில் இருக்கிறது. அடுத்தது ஒரு இடைவெளி, அப்புறம் ‘மோட்டாரை’, இன்னொரு இடைவெளி, கடைசியாக முற்றுப்புள்ளியோடு ஒட்டிய ‘நிறுத்தவும்.’ ஆமாம், நாம் கண்டுகொள்ளாத வெற்று இடத்துக்குக்கூட அங்கே தனி இலை உண்டு! இந்த மரத்தை வலைப்பக்க வடிவமான ஹெச்டிஎம்எல் எழுதும் நிரலிடம் கொடுத்தால் அழுத்தத்தை ‘ஸ்ட்ராங்’ என்று எழுதும், அச்சுக்கோப்பு வடிவமான லேடெக்கை எழுதும் நிரலோ ‘டெக்ஸ்ட்பிஎஃப்’ என்று எழுதும். மூலத்தில் நட்சத்திரம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று இரண்டுக்குமே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இப்போது உங்கள் கையேட்டுக்கு வருவோம். அதில் ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் என்கிற குறிமொழியில் எழுதிய கோப்புகளாகக் கிடக்கும். நீங்கள் தலைப்பு என்று நினைத்தது அங்கே ‘பத்தி, தடித்த எழுத்து, அளவு 18’ என்றுதான் பதிவாகியிருக்கும். நம் கண்ணுக்கு அது தலைப்பு, மரத்துக்கு அது கொஞ்சம் குண்டான பத்தி. சிவப்புக்கும் எழுத்தின் அளவுக்கும் மரத்தில் கிளையே இல்லை என்பதால் இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

பிடிஎஃப் இதைவிட மோசம். எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் உட்காரணும் என்பதுதான் பெரும்பாலும் அதற்குக் கவலை, அதனால்தான் தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக வந்து விழுகிறது. பாண்டாக் பிடிஎஃபை உருவாக்கும், ஆனால் படிக்காது.

2006இல் பாண்டாக்கை எழுத ஆரம்பித்த ஜான் மக்ஃபார்லேன், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். தத்துவம் எடுக்கப் போகிறேன் என்று நம் தண்டையார்பேட்டையில் ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன கச்சேரி நடக்கும் என்று தெரியும். துறை பார்த்து நிதி வெட்டுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, தலைப்பு வரியில் கர்சரை வைத்து, வேர்டின் ஸ்டைல்ஸ் பட்டியலில் ‘ஹெடிங் 1’ஐ அழுத்துங்கள், உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’. எழுத்தைப் பெரிதாக்கும் வேலையை வலைப்பக்கமே பார்த்துக்கொள்ளும். சிவப்பு போன இடத்தில் ‘எச்சரிக்கை:’ என்று எழுதிவிடுங்கள், அந்தச் சொல் எந்த வடிவத்துக்குப் போனாலும் கூடவே வரும்.