பிடுங்கும் முன் தண்டை உருட்டிப் பாருங்கள்

புல்தரை பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுப் புல்தரையில் அங்கங்கே பளபளப்பான இலைகளோடு ஏதோ ஒன்று, சுற்றியிருந்த புல்லைவிட விரல்கடை உயரம் கூடுதலாக நின்றது. வெட்டிய மூன்றாம் நாளே மறுபடி தலைதூக்கும். புல்தானே என்று ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பிடுங்கினேன். வேரோடு வந்த மாதிரிதான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனால், ஒன்று இருந்த இடத்தில் மூன்று நிற்கிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

அது கோரை. பார்க்கத்தான் புல் மாதிரி. உண்மையில் வேறு குடும்பம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், இடையிடையே கணு தட்டுப்படும். கோரையின் பூத்தண்டு முக்கோணம். உருளாமல் விளிம்பு விரலில் இடறும், கணுவும் இருக்காது. பூ வராத இளஞ்செடி என்றால் மேலிருந்து பாருங்கள், இலைகள் மூன்று திசைகளில் அடுக்கியிருக்கும்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நொடிகூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் அடுத்து செய்யும் எல்லாமே தப்பாகப் போகும். ஏனென்றால் கோரையின் உயிர் இலையிலோ வேரிலோ இல்லை, மண்ணுக்குள் சங்கிலி கோத்த மாதிரி கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. மேலே இழுத்தால் செடி மட்டும் கையோடு வரும். சங்கிலி அறுந்தால் அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். நான் அன்று செய்தது அதைத்தான்.

அப்படியானால் கோரையைப் பிடுங்கவே கூடாதா? பிடுங்கலாம், ஒருமுறை பிடுங்கிவிட்டு மறந்துவிடத்தான் கூடாது. நாலைந்து செடி என்றால் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு தோண்டி எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கிழங்குகள் அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும். பரவிவிட்டது என்றால், புதுத் தளிர் ஐந்தாறு இலை விடுவதற்குள் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் செடி புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். ஒரு பருவம் முழுக்கப் பொறுமை வேண்டிய வேலை. கூடவே தண்ணீரையும் கவனியுங்கள். வறட்சியையும் தாங்கும் செடிதான், ஆனாலும் ஈரம் தேங்கும் மூலையில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

இதற்கு நேர்மாறு அம்மான் பச்சரிசி. தரையோடு தரையாகப் படர்ந்து, கிள்ளினால் பால் வரும். அது தாழப் படுத்துக்கொள்வதால் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மேலே போய்விடும். மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டே இருந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் மண் ஈரமாக இருக்கும்போது நடுவைப் பிடித்து இழுத்தால் ஒற்றை வேரோடு முழுசாக வந்துவிடும், கதை முடிந்தது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். மூக்கிரட்டையும் படர்வதில் ஏறக்குறைய இதே ஜாடைதான், ஆனால் அடியில் தடித்த ஆணிவேர். மேலே அறுத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் அதே வேரிலிருந்து மறுபடி கிளம்பும். அதன் விதைகள் பசையோடு செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மூலைக்கும் பயணம் போய்விடும்.

புளியாரையை எல்லாருக்கும் அடையாளம் தெரியும்: இதய வடிவில் மூன்று இலை, சின்ன மஞ்சள் பூ. தெரியாத விஷயம் அதன் காய்தான். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதைகள் தெறிக்கும். காய் முற்றிய பிறகு களையெடுக்கிறோம் என்று இறங்குவது, நாமே விதைத்த மாதிரி. பூ இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

புல்லுக்குள் வரும் வேற்றுப் புல்தான் உண்மையில் சிக்கல். அருகம்புல்லையே புல்தரையாக வளர்ப்பவருக்கு அது சொத்து. அகல இலைப் புல் போட்டவருக்கு அதே அருகு தொல்லை. புல் அல்லாத அகல இலைக் களைகளை மட்டும் கொல்லும் 2,4-டி போன்ற மருந்து இரண்டு புல்லையுமே விட்டுவிடும். எந்தச் செடி என்று பார்க்காமல் கொல்லும் கிளைபோசேட் என்ற மருந்து இரண்டையுமே கொன்றுவிடும். கோரைக்கும் 2,4-டி சரியாக வேலை செய்யாது, அதற்கென்று தனி மருந்து உண்டு. அதனால்தான் மருந்தின் பெயர் கேட்டு வருபவர்களிடம், செடியின் பெயர் என்ன என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எந்த மருந்தானாலும் உங்கள் வகைப் புல்லுக்கு அது ஆகுமா என்று லேபிளில் பார்த்துவிட்டு, காற்று இல்லாத நேரத்தில் அடியுங்கள். காயும் வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். உப்புக் கரைசல் ஊற்றுகிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். களை போகும், கூடவே அந்த இடத்தில் புல் வளரும் யோக்கியதையும் போகும்.

சரி, வராமல் தடுப்பது எப்படி? நான் பார்த்தவரை, களை நிறைந்த புல்தரைகளில் பாதிக்கு மேல் குற்றவாளி வெட்டும் உயரம்தான். மொட்டையடித்தால் அழகு என்று அடியோடு வெட்டிவிடுகிறார்கள். வெயில் நேராக மண்ணில் விழுகிறது, அதற்காகவே காத்திருந்த சிறு விதைகள் முளைக்கின்றன. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, ஆழமாக நனைத்து, மேல்மண் காயவிட்டு மறுபடி நனைப்பது நல்லது. ஒரு ஸ்குரூடிரைவரைத் தரையில் அழுத்திப் பாருங்கள். ஈரமான மண்ணிலும் இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது, புல் வேர் மூச்சுத்திணறுகிறது. தோட்டத்து முள்கரண்டியால் குத்தித் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

களை வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. களை பல நேரம் நாம் காசு கொடுத்து வாங்கி வருவது. சரியாக மக்காத எருவிலும், எங்கிருந்தோ வந்த மேல்மண்ணிலும் விதையும் கோரைக்கிழங்கும் இலவசமாக வரும். கொட்டுவதற்கு முன் ஒரு தட்டில் கொஞ்சம் பரப்பி, ஈரமாக வைத்து இரண்டு வாரம் பாருங்கள். என்ன முளைக்கிறதோ அதுதான் உங்கள் புல்தரைக்கும் வரப்போகிறது. புதிதாகப் புல் போடுபவர்கள் நிலத்துக்கே இந்தச் சோதனையைச் செய்யலாம்: மண்ணைச் சமப்படுத்தி, தண்ணீர் விட்டு, முளைப்பதை எல்லாம் முளைக்கவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் மேலாகச் சீவி எடுத்துவிட்டுப் பிறகு நடுங்கள். அவசரப்படுபவர்கள் இதற்கு ஆகும் மூன்று வாரத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

வெட்டும் இயந்திரமும் ஒரு வாகனம்தான். களை உள்ள பகுதியைக் கடைசியாக வெட்டுங்கள், முடித்ததும் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். அந்த முதல் வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கிழக்கு மூலையில் குழாய் கசிந்துகொண்டிருந்ததை இரண்டாம் வருடம்தான் கண்டுபிடித்தேன். அதைச் சரி செய்த பிறகு, கோரை வருடத்துக்கு நாலைந்து என்ற கணக்கில் வருகிறது.