டிமார்ஷ்: கண்டனமா, இடித்துரையா?

2024 ஆகஸ்ட் 1 அன்று கச்சத்தீவுக்கு வடக்கே 5 கடல் மைலில் ராமேசுவரம் படகு ஒன்றும் இலங்கைக் கடற்படைக் கப்பலும் மோதின. படகில் இருந்த நால்வரில் ஒருவர் இறந்தார், ஒருவரைக் காணவில்லை. அன்றே டெல்லியில் இலங்கையின் பொறுப்புத் தூதரை வெளியுறவு அமைச்சகம் வரவழைத்துப் பேசியது. இப்படிப்பட்ட சந்திப்பைத் தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் ‘கண்டனம்’ என்ற சொல்லில் அடக்கிவிடுகின்றன. தூதரக வழக்கில் இதற்குப் பெயர் டிமார்ஷ்.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ‘நடை’ என்று பொருள். ஓர் அரசு தன் நிலையை இன்னோர் அரசிடம் முறைப்படி கொண்டுசேர்க்க எடுத்துவைக்கும் அடி என்பது அதிலிருந்து வந்த பொருள். அது எதிர்ப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆதரவு கேட்பதும் விளக்கம் கேட்பதும்கூட டிமார்ஷ்தான். பொதுப்பொருளுக்குத் ‘தூதுரை’ போதும். ‘தூதுரைப்பார்’ என்று குறளே (682) சொல்கிறது. அவருக்கு வேண்டிய மூன்றில் முதலாவதாக அது வைப்பது அன்பை.

நட்பு நாட்டின் தவற்றைச் சொல்லும் டிமார்ஷுக்குத்தான் தனிச் சொல் தேவைப்படுகிறது. ‘கண்டனம்’ வடமொழிச் சொல். துண்டித்தல், மறுத்து உடைத்தல் என்று பொருள்படும். தமிழில் அது ஊரறியச் செய்வது: கண்டன ஆர்ப்பாட்டம், கண்டனக் கூட்டம். டிமார்ஷ் பேசப்படுவதோ மூடிய அறைக்குள். அதற்குப் பொருந்துவது ‘இடித்துரை’. உரலில் இடிக்கும் அதே இடிதான்.

நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண்
மேற்சென்று இடித்தற் பொருட்டு (784)

‘மேற்சென்று’ என்பதைக் கவனியுங்கள். நண்பன் எல்லை மீறும்போது தானே முற்பட்டுப் போய்ச் சொல்வது. பிரெஞ்சுச் சொல்லில் உள்ள அதே நடை இங்கேயும் இருக்கிறது. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ (448) என்று அரசியலிலும் குறள் இதை ஆள்வதால், இது வீட்டுப் பேச்சுக்கு மட்டும் உரிய சொல் என்று யாரும் தள்ள முடியாது. பகை நாட்டிடம் பேசுவதற்கு மட்டும் இது பொருந்தாது.

நடைமுறை இப்படி. எதைக் கேட்பது, என்ன காரணம் சொல்வது, யாரிடம், எந்த நாளுக்குள் என்பதைத் தலைநகரம் எழுதித் தரும். தூதர் வாய்மொழியாகச் சொல்வார். பெரும்பாலும் ஒரு தாளையும் விட்டுவருவார். தலைப்பும் கையொப்பமும் இல்லாத தாள் என்றால் பின்னால் பிடிகொடுக்காது. ‘நோட் வெர்பால்’ எனப்படும் தூதரகக் குறிப்பு என்றால் படர்க்கையில் எழுதி முத்திரை இட்டது. உள்ளே எவ்வளவு கடுமை இருந்தாலும் முதல் வரி வணக்கத்தோடுதான் தொடங்கும்.

பிசகுவது பெரும்பாலும் விவரத்தில். ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கும் படகின் பதிவெண், நேரம், ஜிபிஎஸ் காட்டிய இடம் ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் பதில் அதைப் பற்றியே வரும். இடம் எல்லைக்கு அப்பால் என்றால் ‘எங்கள் கடல்’ என்று பேச்சு முடிந்துவிடும். அதனால் வாதத்தை இடத்தின்மேல் நிறுத்தாமல் செயலின்மேல் நிறுத்த வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே சுடப்பட்டு 5 மீனவர்கள் காயமடைந்தபோது, எந்தச் சூழலிலும் பலப்பிரயோகம் ஏற்கத்தக்கதல்ல என்றது இந்தியா. எல்லைக்கோட்டை நம்பி நிற்காத வாதம் அது.

இடித்துரை எதிர்த்திசையிலும் வரும். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை 2017-இல் சட்டத்தால் தடைசெய்த இலங்கை, நம் விசைப்படகுகள் வடக்கு மீனவர்களின் வலையையும் கடலடியையும் அழிப்பதாகச் சொல்கிறது. அந்த மீனவர்களும் தமிழர்கள்தான். அதைக் காதில் வாங்காமல் நாம் மட்டும் இடித்துரைக்க முடியாது.

ஜெனீவா வாக்கெடுப்பு வேறு வகை. அது பகிரங்கத் தீர்ப்பு. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானத்தை இந்தியா 2012, 2013 ஆண்டுகளில் ஆதரித்தது, 2014-இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. முதல் இரண்டையும் ‘கண்டனம்’ என்று எழுதினால் சொல் சரியாக உட்காரும். மூன்றாவதை ‘நடுநிலை’ என்று எழுதாமல் ‘வாக்களிப்பைத் தவிர்த்தது’ என்றே எழுதலாம்.