புல்வெளியில் குழி தோண்டாதீர்கள்

இந்த ஆண்டும் உலகச் சுற்றுச்சூழல் தினத்தையொட்டி, உதகைக்கு மேற்கே ஒரு புல்வெளிச் சரிவில் மரக்கன்றுகளை நட்டு, காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வோம் என்ற பதாகையையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காடு மீட்டெடுப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டு கண்டு சலித்துவிட்டது. நட்டவர்களின் அக்கறை உண்மையானது, ஆனால் நட்ட இடம் முற்றிலும் தவறானது.

மரமில்லாத மலைச்சரிவு என்றால் அங்கிருந்த காட்டை யாரோ அழித்துவிட்டார்கள் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நீலகிரியின் உயர்மலைப் புல்வெளி அழிந்த காடு அன்று. பள்ளங்களில் சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காடும் சரிவுகளில் புல்லுமாகவே அந்த நிலம் அமைந்திருக்கிறது. இங்குள்ள சதுப்புகளில் செடிகொடிகள் பாதி மக்கிப் படிந்த பீட் மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் திறந்த சரிவில் உறைபனி படியும்போது, புல்லின் நுனி கருகினாலும் தூரில் இருக்கும் குருத்து தப்பிவிடும். சோலை மரக்கன்றின் இலைகளோ வெயில் ஏறுவதற்குள் கருத்துத் தொங்கிவிடும். ரோடோடென்ட்ரான் போன்ற மிகச் சில மரங்களே அந்தத் திறந்தவெளியில் தாக்குப்பிடிக்கின்றன. புல்வெளி தன் கரிமத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்திருப்பதால், தீ பரவினாலும் மேலே உள்ள புல் மட்டுமே எரிகிறது. மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுவதும் அதே மண்தான்.

ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னரும் இந்தப் புல்வெளிகளைத் தரிசாகக் கருதித்தான் சீகை (வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகியவற்றை நட்டார்கள். வெப்பம் கூடி உறைபனி குறையக் குறைய, சீகை புல்வெளிக்குள் பரவுவதை ஓரளவு தடுத்துவைத்திருந்த இயற்கை வேலியும் தளரக்கூடும். ஒரு புறம் நீண்ட வறட்சி, மறுபுறம் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் போன்ற பெருமழை என்னும் நிலையில், இருக்கும் புல்வெளியைக் காப்பதே இங்கே முதல் வேலை.

ஆகவே, மலையில் நட விரும்புகிறவர்கள் புல்வெளியை விட்டுவிடுங்கள். சோலையின் ஓரத்தில், நிழலுள்ள இடத்தில், அந்தந்தச் சோலையில் எடுத்த விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை மட்டும், வனத்துறையின் அனுமதியோடு நடுங்கள். சீகைத் தோப்புகளை ஒரேயடியாக வெட்டிச் சாய்க்கக் கோருவதும் சரியன்று. பல பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து வருகின்றன. எந்தத் தோப்பை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை உள்ளே நடந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அகற்றிய இடத்திலும் வேலை முடிவதில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயிலோ தீயோ பட்டதும் தரை முழுக்க நாற்றங்கால் போல முளைத்துவிடும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது அவற்றை வேரோடு பிடுங்கிவிடலாம்; இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டால் அரிவாள்தான் வேண்டும், வெட்டியதும் மறுபடி துளிர்க்கும். கன்று நட நிதி தரும் நிறுவனங்களை மன்றாடிக் கேட்கிறேன்: அந்தத் தொகையைச் சீகை நாற்றுப் பிடுங்கும் உள்ளூர் மக்களின் கூலிக்குத் தாருங்கள்; அதையும் ஓராண்டோடு நிறுத்திவிடாமல், புல் மூடும் வரை ஆண்டுதோறும் தாருங்கள்.